குருமன் மறைத்தளத்தின் அன்றாட வாழ்வு: நீர், உழைப்பு, மொழி

கிறித்தவ மறைப்பணி வரலாறுகள் பெரும்பாலும் திருமுழுக்குப் பெற்றோர் தொகை, எழுப்பப்பெற்ற ஆலயங்கள், தொடங்கப்பெற்ற பள்ளிகள் ஆகியவற்றின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரு மறைப்பணியாளர் ஓராண்டில் ஆற்றிய சொற்பொழிவுகளை எண்ணிச் சொல்லும் நூல்கள், அவ்வாண்டில் அவர் எத்தனை நாள் மண்வெட்டி பிடித்தார் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் ஆப்பிரிக்கச் சிற்றூர்ப் பகுதிகளில் குடியேறிய பணியாளர்தம் பகற்பொழுதில் மிகப் பெரும் பங்கு நீர், உணவு, வீடு, விளக்கு ஆகியவற்றைத் தேடுவதிலேயே கழிந்தது. அவர்கள் அங்கு வாழ்ந்த மக்களோடு உறவாடியதும் முரண்பட்டதும் இந்தத் தேட்டங்களின் வழியாகவே ஆகும். இவ்வகையில் தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் த்ஸ்வானா மக்களிடையே அமைந்த குருமன் மறைத்தளத்தின் அன்றாட வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. அதனோடு உறவுடைய கொலொபெங் தளமும் ஒப்புநோக்கப்படுகிறது.

இவ்விரு தளங்களையும் நடத்தியது இலண்டன் மிஷனரி சங்கம். 1806ஆம் ஆண்டு முதல் தென் திருவிதாங்கூரில் பணியாற்றி, நாகர்கோவிலில் அச்சகமும் பெண்களுக்கான லேஸ் பின்னல் பயிற்சியும் தொடங்கிய அதே சங்கமே இது. எனவே தமிழகக் கிறித்தவ வரலாற்றை ஆராய்வோர்க்குக் குருமன் முற்றிலும் அயலான செய்தியன்று.

தளமும் தம்பதியரும்

இராபர்ட் மொஃபட் 1795இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பல்கலைக்கழகக் கல்வி பெற்றவரல்லர். தோட்டக்காரராகத் தொழில் பயின்றவர். 1817இல் கேப்டவுன் வந்து சேர்ந்தார். அவர் வேலை பார்த்த நாற்றுப் பண்ணையின் உரிமையாளர் மகளான மேரி ஸ்மித், பெற்றோரின் தயக்கத்தைக் கடந்து கப்பலேறி 1819 டிசம்பரில் கேப்டவுனை அடைந்தார். அம்மாத இறுதியிலேயே திருமணம் நடந்தது. பத்லாபிங் குடியினரின் தலைவர் மோதிபியின் ஊரை அடுத்து இருவரும் 1821இல் குடியமர்ந்தனர். அங்கு முன்னரே பணியாற்றிவந்த இராபர்ட் ஹாமில்டன் என்பவரும் கைத்தொழில் அறிந்தவரே.

மொஃபட் தோட்டக்காரர் என்பது வாழ்க்கை வரலாற்று நூல்களில் ஒரு வரியில் கடந்து செல்லப்படும் செய்தி. உண்மையில் குருமனின் பிற்கால வரலாற்றை விளக்கும் திறவுகோல் அதுவே எனலாம். மழை அரிதான, மணற்பாங்கான நிலத்தில் வற்றாத நீரைக் கண்டதும் வாய்க்கால் வெட்டி நிலத்தைப் பாத்தி கட்டத் தொடங்குபவர் தோட்டக்காரராகத்தான் இருக்கமுடியும். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி லிட்டர் நீரைச் சுரக்கும் 'கண்' எனப்படும் குருமன் ஊற்றின் அருகே 1824இல் தளம் இடம்பெயர்ந்தது. நாணல் மண்டிய பள்ளத்தாக்கைத் திருத்தி, கால்வாய் தோண்டிப் பழமரங்களும் காய்கறிகளும் தானியமும் பயிரிட்டனர். 1870 வரை, இடையில் நாடு திரும்பிய சில ஆண்டுகள் நீங்கலாக, மொஃபட் தம்பதியர் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர்.

வீட்டினுள்

குருமனின் வீட்டு வாழ்வை அறியப் பெரிதும் துணைபுரிவன மேரி மொஃபட் தம் பெற்றோர்க்கும் உறவினர்க்கும் எழுதிய கடிதங்கள். மொஃபட் தம்பதியரின் தொடக்கக்காலக் குறிப்புகளையும் கடிதங்களையும் மானிடவியலாளர் ஐசக் ஷபேரா 1951இல் பதிப்பித்தார். 1842இல் வெளியான மொஃபட்டின் நூல் இங்கிலாந்து மக்களுக்காக எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பாடம் உண்டு. கடிதங்களில் அத்தகைய பாடங்கள் குறைவு. சோப்பும் மாவும் மிகுதி. வரலாற்று ஆய்வாளர்க்கு இவையே மதிப்புடையன.

அக்கடிதங்களுள் ஒன்றில் வீட்டுத் தரை பற்றிய செய்தி வருகிறது. வாரம் ஒரு முறையேனும் எல்லா அறைகளின் தரையையும் மாட்டுச் சாணத்தால் மெழுகுவதாக மேரி எழுதுகிறார். வந்த புதிதில் இவ்வழக்கத்தை அருவருப்பாகக் கருதி, அது இல்லாமலே குடித்தனம் நடத்த அவர் முயன்றிருக்கிறார். பின்னர்ப் புழுதி அடங்குவதற்கும் தெள்ளுப்பூச்சி ஒழிவதற்கும் அதைவிடச் சிறந்த வழி இல்லை எனக் கண்டு, சனிக்கிழமை எப்போது வரும் எனக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டார். தமிழ் வாசகர்க்கு இச்செய்தியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை எழுதியவர் யார் என்பதே கருதத்தக்கது. 'தூய்மை' என்பதன் ஐரோப்பிய இலக்கணத்தை ஆப்பிரிக்கர்க்குக் கற்பிக்க வந்த குடும்பம், ஆப்பிரிக்கப் பெண்களிடமிருந்து தூய்மையைக் கற்றுக்கொண்ட இடம் இது. இராபர்ட்டின் நூலில் காணப்படும் குறை இதற்கு நேர் எதிரானது. செம்மண்ணும் கொழுப்பும் பூசிய உடலோடு ஊரார் நாள்முழுதும் வீட்டுக்குள் நிறைந்திருந்தனர். தொட்ட பொருளிலெல்லாம் அப்பூச்சு ஒட்டிக்கொண்டது என அவர் வருந்துகிறார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

கடையில் வாங்கும் வாய்ப்பற்ற இடத்தில் ஒவ்வொரு பொருளையும் வீட்டிலேயே செய்ய வேண்டியிருந்தது. கேப்டவுன் சென்று வருவதாயின் மாட்டுவண்டியில் மாதக்கணக்கில் ஆகும். மேரியின் மூத்த மகளான மற்றொரு மேரியை 1845இல் மணந்த டேவிட் லிவிங்ஸ்டன், தம் 1857ஆம் ஆண்டு நூலில் கொலொபெங் வீட்டின் செய்முறைகளை விரித்துரைக்கிறார். கறையான் புற்றைக் குடைந்து அடுப்பாக்கி, கல்பலகையைக் கதவாக வைத்து ரொட்டி சுடப்பட்டது. சாடியில் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுக்கப்பட்டது. மெழுகும் விலங்குக் கொழுப்பும் மெழுகுவத்தியாயின. செடிச் சாம்பலை நெடுநேரம் காய்ச்சிச் சோப்புச் செய்யப்பட்டது. இச்செய்முறைகளை லிவிங்ஸ்டன் ஒருவகை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். அவற்றைச் செய்து முடித்த கைகள் பெரும்பாலும் அவர் மனைவியின் கைகளும், வீட்டில் உதவிய த்ஸ்வானாப் பெண்களின் கைகளும் ஆகும். அப்பெண்களின் பெயர்கள் அந்நூலின் இப்பகுதியில் இல்லை.

யார் வேலை எது

த்ஸ்வானாச் சமூகத்தில் மாடு ஆணுக்குரியது, மண்வெட்டி பெண்ணுக்குரியது. நிலத்தைக் கொத்தி விதைப்பதும் களையெடுப்பதும் வீடு கட்டுவதும் பெண்களின் பொறுப்பு. மாடு மேய்த்தல், பால் கறத்தல், வேட்டை, தோல் பதப்படுத்துதல், தோலாடை தைத்தல் ஆகியன ஆண்களின் பொறுப்பு. ஊசி ஆணிடமும் மண்சுவர் பெண்ணிடமும் இருந்த ஒரு சமூகத்திற்கு, ஊசி பெண்ணிடமும் சுவர் ஆணிடமும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பியவர்கள் வந்து சேர்ந்தனர்.

இம்முரணை மொஃபட்டே தம் நூலில் ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறார். ஊர்ப் பெரியவர் ஒருவரின் மனைவி தோழியருடன் வீடு கட்டிக்கொண்டு, கூரைமேல் ஏற முயன்றுகொண்டிருந்தார். கூரை வேலையைக் கணவன்மாரிடம் விடலாமே என்றார் மொஃபட். பெண்கள் வெடித்துச் சிரித்தனர். சிரிப்பொலி கேட்டுத் தலைவர் மோதிபியின் மனைவி மஹூத்தோவும் ஆடவர் சிலரும் வந்தனர். அவர்களிடம் இந்த விந்தையான யோசனை சொல்லப்பட்டதும் மீண்டும் சிரிப்பு எழுந்தது. மொஃபட் இதனைப் பெண்ணடிமையின் சான்றாகப் பதிவு செய்கிறார். ஆயினும் தம் வீட்டைத் தாமே எழுப்பி, தாம் விளைவித்த தானியத்தைத் தம் களஞ்சியத்தில் வைத்திருந்த பெண்களின் சிரிப்பு அது என்றும் படிக்க இடமுண்டு. இவ்விரண்டாம் வாசிப்பே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது. பின்னாளில் ஏர் வந்தபோது நிகழ்ந்தது இதற்கு வலுச் சேர்க்கிறது. ஏரை இழுப்பது மாடு. மாட்டைத் தொடுவது ஆணின் உரிமை. எனவே உழவு ஆண்களின் கைக்கு மாறியது. விளைச்சலின் மீதான பிடியும் மெல்ல மெல்ல உடன்மாறியது. பெண்களின் சுமையைக் குறைப்பதாக எண்ணிக் கொணரப்பட்ட கருவி, சுமையோடு உரிமையையும் எடுத்துச் சென்றது.

1829இல் குருமனில் முதன்முதலாக அறுவர் திருமுழுக்குப் பெற்றனர். அதையொட்டி உடை பற்றிய வேட்கை மிகுந்தது. மேரி தையற்பள்ளி தொடங்கினார். கரடுமுரடான வேலைக்குப் பழகிய விரல்களில் ஊசி நிற்கவில்லை என்ற செய்தியும், கத்தரிக்கோலுக்கும் துணிக்கும் ஏற்பட்ட பற்றாக்குறையும் பதிவாகியுள்ளன. துணிக்குத் தேவை எழுந்ததும் வணிகர் பின்தொடர்ந்தனர். குருமன், உள்நாட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதையின் முதன்மையான தங்குமிடமாயிற்று.

நீரும் மழையும்

நீர்ப் பூசல் குருமனுக்கு இடம்பெயர்வதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. முதல் தளத்தில் ஆற்றிலிருந்து நெடுந்தொலைவு வாய்க்கால் வெட்டிப் பணியாளர்கள் தம் தோட்டத்திற்கு நீர் கொணர்ந்தனர். வாய்க்காலின் பயனைக் கண்ட ஊர்ப் பெண்கள் தம் கொல்லைகளுக்கும் நீரைத் திருப்பிக்கொண்டனர். பகலெல்லாம் வெயிலில் உழைத்த பணியாளர், இருட்டிய பின் மண்வெட்டியோடு சென்று மடைகளை அடைத்து, தம் பாத்திகளுக்குச் சிறிது நேரம் நீர் பாய்ச்சித் திரும்ப வேண்டியதாயிற்று. கண்டித்தபோது பெண்கள் திரண்டு சென்று அணையையே உடைத்தனர்.

மொஃபட்டின் நூல் இதனை நன்றியின்மையாகச் சித்திரிக்கிறது. கால்வாய்ப் பாசனம் அறிந்த எந்த ஊராரும் இதனை வேறுவகையாகவே புரிந்துகொள்வர். காவிரிப் படுகையிலோ பொருநைக் கரையிலோ மேல்மடைக்காரர்க்கும் கீழ்மடைக்காரர்க்கும் இடையே நள்ளிரவில் நிகழ்ந்து வந்திருப்பதும் இதுவேயன்றோ. ஓடும் நீர் வெட்டியவனுக்கு உரியதா, அது கடந்து செல்லும் நிலத்தாருக்கு உரியதா என்ற வினா அங்கு எழுந்தது. த்ஸ்வானா வழக்கில் நீர் தனியார் உடைமையன்று. நிலத்தையும் நீரையும் பகிர்ந்தளிக்கும் உரிமை தலைவனைச் சார்ந்தது. வாய்க்கால் வெட்டியதன் வழியாக அவ்வுரிமைக்குள் பணியாளர் அறியாமலே கால்வைத்துவிட்டனர்.

மழை அதனினும் நுண்ணிய சிக்கல். 'பூலா' என்னும் த்ஸ்வானாச் சொல் மழையைக் குறிப்பது. தலைவனை வாழ்த்தும் சொல்லும் அதுவே. 1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானா, 1976இல் தன் நாணயத்திற்குச் சூட்டிய பெயரும் அதுவே. மழையைப் பெற்றுத்தருவது தலைவனின் கடமை. 1820களின் தொடக்கத்தில் கடும் வறட்சி நிலவியபோது பத்லாபிங் மக்கள் தொலைவிலிருந்து மழைவித்தகர் ஒருவரை வரவழைத்தனர். மழை பெய்யவில்லை. காரணம் தேடும் நிலையில் பார்வை மறைத்தளத்தின் மீது விழுந்தது. மொஃபட் வண்டியில் கொணர்ந்த உப்பு மூட்டை மேகத்தைத் தடுக்கிறது என்றார் மழைவித்தகர். மூட்டையை அவிழ்த்தபோது அதில் இருந்தது வெண்களிமண். ஆலய மணியின் ஓசையும் குற்றம்சாட்டப்பட்டது. வெளியேறுமாறு கூறிவந்த பெரியவர்முன், ஈட்டியின் எதிரே மொஃபட் மார்பைக் காட்டி நின்ற நிகழ்ச்சி இங்கிலாந்தில் படமாகவும் பரவிப் புகழ்பெற்றது. அப்புகழில் மறைந்துபோன மற்றொரு செய்தியும் உண்டு. இறுதியில் மக்களின் சினம் மழைவித்தகர் மீதே திரும்பியது. அவர் உயிரைக் காக்கப் பரிந்து பேசியவர் மொஃபட்.

கொலொபெங்கில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைந்தது. பக்வேனாத் தலைவர் செசெலே தாமே மழைவித்தகர். அவர் எழுத்துகளை ஒரே நாளில் கற்றவர். தம் மக்களைக் கிறித்தவராக்கக் காண்டாமிருகத் தோற்சாட்டையே போதும் என லிவிங்ஸ்டனிடம் உதவி செய்ய முன்வந்தவர். 1848 அக்டோபரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். மனைவியருள் ஒருவரை வைத்துக்கொண்டு ஏனையோரைப் புத்தாடைகளுடன் அவரவர் பிறந்தகத்துக்கு அனுப்பினார். மழைச் சடங்கையும் நிறுத்தினார். அதே ஆண்டுகளில் வானம் பொய்த்தது. முதலாண்டில் பயன் தந்த அணையும் வாய்க்காலும் பின்னர் வறண்டன. கொலொபெங் ஆறு வற்றி மீன்கள் மடிந்தன. வெளியே கிடந்த ஊசி மாதக்கணக்கில் துருப்பிடிக்கவில்லை என்கிறார் லிவிங்ஸ்டன். வழிபாடு நடத்தாத அண்டைக் குடிகளுக்கு மழை பெய்கிறதே, நீர் எங்களுள் ஒருவரைப் போன்றவர், ஆயினும் இந்தப் போதனையை விட்டுவிடக் கூடாதா என ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டதையும் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். மழைவித்தகருக்கும் மருத்துவராகிய தமக்கும் நிகழ்ந்த உரையாடலை அவர் தரும் பகுதியில் மழைவித்தகரின் வாதம் சற்றும் தாழ்வாக இல்லை. மருந்து கொடுத்த நோயாளி இறந்தால் மருத்துவர் மருந்தைக் கைவிடுகிறாரா என்ற வினாவை அங்கு எதிர்ப்பக்கம் எழுப்புகிறது. வெற்றி தோல்வியின்றி அதனை முடித்திருப்பது லிவிங்ஸ்டனின் நேர்மைக்குச் சான்று.

ஒரு நாளின் பகிர்வு

கொலொபெங்கில் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பது தெளிவாகவே பதிவாகியுள்ளது. விடியலில் எழுந்து, குடும்ப வழிபாடும் காலையுணவும் முடித்து, பதினொரு மணி வரை ஆண், பெண், சிறார் அனைவருக்குமான பள்ளி. அதன்பின் லிவிங்ஸ்டன் கொல்லராகவோ தச்சராகவோ தோட்டக்காரராகவோ வேலை செய்தார். ஊராருக்குச் செய்த வேலைக்கு ஈடாக அவர்கள் தோட்டத்தில் உழைத்தனர். பிற்பகலில் அவர் மனைவி மேரி நடத்திய சிறுவர் பள்ளிக்கு நூறு பேர் வரை திரண்டனர். சில நாள்களில் தையல் வகுப்பு. மாலையில் ஊருக்குள் சென்று உரையாடல். மாடு கறந்து முடித்து இருட்டிய பின், வாரத்தில் மூன்று இரவு வழிபாடும் ஓர் இரவு படங்களுடன் பொதுச்செய்தி விளக்கமும்.

வழிபாட்டு நேரம் மாடு கறக்கும் நேரத்தைச் சார்ந்தே அமைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மறைத்தளம் மணியடித்துக் காலத்தை வகுத்தது என்பது உண்மையே. ஆனால் அம்மணியும் மாட்டுக்குக் காத்திருந்தது. சிறுவர் பள்ளியின் வெற்றிக்கு மேரி லிவிங்ஸ்டன் 1821இல் அந்நாட்டிலேயே பிறந்து, செத்ஸ்வானாவைச் சிறுவயது முதல் பேசி வளர்ந்தவர் என்பது முதன்மையான காரணமாக இருந்திருக்க வேண்டும். கணவர் பெயரால் அறியப்படும் அத்தளத்தில் மொழி தடையின்றி ஓடியது மனைவியிடம்தான். 1850இல் அவர்தம் பெண்குழந்தை எலிசபெத் சில வார வயதில் கொலொபெங்கிலேயே இறந்தது.

மொழியும் அச்சும்

குருமனின் தொடக்க ஆண்டுகளில் மொஃபட் டச்சு மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர் அதைச் செத்ஸ்வானாவில் சொல்லிவந்தார். ஆன்ம மீட்பு பெரியதொரு பொருள் என அவர் சொன்னது, ஆன்ம மீட்பு பெரியதொரு சாக்கு மூட்டை என மக்களைச் சென்றடைந்ததாம். டச்சு மொழியில் பொருள் என்பதற்கும் சாக்கு என்பதற்கும் உள்ள ஒலியொப்புமையே காரணம். இந்நிலை பொறாது 1827இல் அவர் குடும்பத்தைக் குருமனில் விட்டுப் பரொலோங் மக்களிடையே பல வாரங்கள் தனித்துத் தங்கி மொழி பயின்றார். 1830இல் லூக்கா நற்செய்தியை அச்சிடக் கேப்டவுன் சென்றபோது அச்சுக்கோப்பவர் கிடைக்காமையால் தாமே அத்தொழிலைக் கற்றார். மறு ஆண்டு ஓர் அச்சுப்பொறி குருமனை அடைந்தது. வெள்ளைத் தாள் உள்ளே சென்று எழுத்தோடு வெளிவருவதைக் கண்ட ஒருவர் அத்தாளைப் பறித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினார். கரிய உருண்டைச் சுத்தியலும் கையின் ஓர் அசைவும் இதனைச் செய்தன என்று எல்லோரிடமும் காட்டினார். புதிய ஏற்பாடு 1840இல் இலண்டனில் அச்சாயிற்று. பழைய ஏற்பாடு குருமனிலேயே அச்சிடப்பெற்று 1857இல் நிறைவுற்றது. தோட்டவேலைக்கும் பழுதுபார்க்கும் வேலைக்கும் இடையே, முப்பதாண்டுக்கு நெருங்கிய காலம் நீண்ட பணி அது. செத்ஸ்வானாவில் 'பலா' என்னும் வினைச்சொல் எண்ணுதலையும் வாசித்தலையும் ஒருங்கே குறிக்கும். மாடுகளை எண்ணிய சொல்லே எழுத்தை வாசிக்கவும் பயன்பட்டது.

இறைவனுக்கு 'மொதிமோ' என்ற சொல் கொள்ளப்பட்டது. அதன் இனமான 'பதிமோ' என்பது இறந்த முன்னோரைக் குறிப்பது. குடும்ப நலனைக் காப்போராக மக்கள் போற்றியவர்கள் அவர்கள். மொஃபட்டின் மொழிபெயர்ப்பில் பேய்களைக் குறிக்க இச்சொல்லே ஆளப்பட்டது. போட்ஸ்வானா நாட்டு விவிலிய அறிஞர் மூசா துபே 1999இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைப் பண்பாட்டின் மீது வீசப்பட்ட குண்டு என்ற பொருள்படக் குறிப்பிடுகிறார். பராபரன், தேவன், சர்வேசுரன் என இறைப்பெயரைப் பற்றிய நெடிய வழக்குகளைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியமும் கண்டதுண்டு. ஆனால் தமிழில் அவ்வழக்கை நடத்தியோருள் தமிழறிந்த கிறித்தவரும் இருந்தனர். எழுத்து மரபும் நிகண்டுகளும் துணைநின்றன. குருமனில் எழுத்தையும் அகராதியையும் அச்சையும் ஒரே கை வைத்திருந்தது. முன்னோர்க்காக வாதிட அச்சுக்கூடத்தில் அன்று எவரும் இல்லை. இதே மொழிபெயர்ப்பைத் துபே கூறும் பெண்கள் குறிசொல்லும் நூலாகவும் முன்னோரோடு உறவாடும் வழியாகவும் பயன்படுத்தினர் என்பது இதன் மறுபக்கம்.

ஜான் கோமரோஃப், ஜீன் கோமரோஃப் ஆகியோர் 1991இலும் 1997இலும் வெளியிட்ட இரு தொகுதிகள், த்ஸ்வானா மக்களின் மனவுலகைக் குடியேற்றியம் கைப்பற்றியது மறைநூலால் அன்று, சன்னல், உடை, ஏர், விளக்கு போன்ற அன்றாடப் பொருள்களால்தான் என வாதிட்டன. இவ்வாதம் வலிமையானது, ஆனால் அது ஒருபக்கம் சாய்ந்தது. சாணம் மெழுகிய தரையும், மாட்டுக்குக் காத்திருந்த வழிபாடும், கூரைமேல் எழுந்த சிரிப்பும் அதில் உரிய இடம் பெறவில்லை. பொருள்களை ஏற்றவர்கள் தம் விருப்பப்படியே ஏற்றனர் என்பதற்குச் செசெலேயைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அனுப்பிவைத்த மனைவியருள் ஒருவர் கருவுற்றிருப்பது 1849இல் தெரியவந்ததும் லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார். செசெலே மறைநூலை விடவில்லை. மழைச் சடங்கையும் முற்றாகத் துறக்கவில்லை. 1852இல் போயர்கள் பக்வேனாக்களைத் தாக்கி, ஆளில்லாத லிவிங்ஸ்டன் வீட்டையும் சூறையாடினர். முறையிட இங்கிலாந்து அரசியைக் காணப் புறப்பட்ட செசெலே, கேப்டவுன் வரை சென்று பொருளின்றித் திரும்பினார். அதன்பின் தம் ஊரில் மனைவியர்க்கும் சிறார்க்கும் வாசிப்புக் கற்பித்து, 1892இல் இறக்கும் வரை தாமே விவிலியம் விளக்கி வழிபாடு நடத்தினார்.